பயம் இல்லியா டாக்டரே?

திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி அறையில் மதிய வெயில் எலிசாளின் மடியில் விழுந்து கிடக்கிறது. போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். வருஷக்கணக்காகத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கும், உடம்பெல்லாம் வேர்க்கும், பிரஷர் ஏறும். "பயந்தாங்கொள்ளி" என்று சிரித்தே தள்ளிவிட்ட புருஷன் போன மழைக்காலத்தில் செத்துப்போனார். ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி டாக்டர் மலையாளம் கலந்த தமிழில் சொல்கிறாள்: "கிட்னிக்கு மேல உள்ள சுரப்பியில ஒரு கட்டி இருக்கு. அதுதான் பிரஷரை ஏத்துது, படபடப்பும் வேர்வையும் அதனாலதான். ஆபரேஷன்ல எடுத்திடலாம் கேட்டோ." "அப்ப இது பயம் இல்லியா டாக்டரே?" "இல்ல அம்மா, நோய்தான்." எலிசாள் முந்தானையால் கழுத்தைத் துடைக்கிறாள். மின்விசிறி கிறீச்சிடுகிறது. "வீட்டுல ஆர்ட்ட விவரம் சொல்லணும்?" என்று நர்ஸ் செல்போனை எடுக்கிறாள். எலிசாள் வெயிலைப் பார்த்தபடியே சொல்கிறாள்: "இதைக் கேக்க வேண்டியவரு போயிட்டாரு, மோளே."