இரண்டாவது ரத்தம்

கிள்ளானில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில், கல்யாணப் பட்டும் மல்லிகையுமாகத் தர்ஷினி நிற்கிறாள். கட்டிலில் நெஞ்சைப் பிடித்தபடி அப்பா வீரபத்திரன். மாப்பிள்ளையை அவருக்குப் பிடிக்கவேயில்லை. அவர் மார்பில் தேய்த்த தைலத்தின் நெடி மல்லிகையை அமுக்குகிறது. இதயம் அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் 'ட்ரோபோனின்' என்ற புரதம் முதல் பரிசோதனையில் ஏறவில்லை. ஏற நேரமாகும், மறுபடி பார்க்கணும் என்று டாக்டர் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. "நடிச்சது போதும்பா. தாரை வாக்க நீங்க வேணும்லா, கோயில்ல எல்லாரும் வெயிட் பண்றாங்க." அவர் வியர்வை தலையணையில் ஊறுகிறது. அவள் வளையல்கள் கட்டில் கம்பியில் பொறுமையில்லாமல் தட்டுகின்றன. இரண்டாவதாக எடுத்த ரத்தத்தின் முடிவோடு டாக்டர் ஓடிவருகிறார். "அங்கிள், ட்ரோபோனின் ஏறிடுச்சு. ஹார்ட் அட்டாக்தான்." வளையல் சத்தம் நிற்கிறது. வெளுத்த உதட்டோடு அப்பா மகளைப் பார்த்துச் சிரிக்கிறார். "நடிப்புன்னியே, இப்ப கூப்புடு. வந்து தாரை வாக்கிறேன்."