வாயைக் கட்டாதவள்

“எனக்கு வாயைக் கட்டத் தெரியலை டாக்டர். இவ வயித்துல இருந்தப்ப ஒரே தீனிதான்,” என்றாள் அம்மா. “அதுவும் இனிப்புன்னா உசிரு. யார் சொல்லியும் கேக்கலை.”

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

மகளும் திரும்பினாள். இடது கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்ததால், அம்மாவைப் பார்க்க முழுத் தலையையும் திருப்ப வேண்டியிருந்தது.

மகளுக்கு இருபத்தாறு வயது. கேக் கடையில் வேலை. கிரீமால் பெயர் எழுதுவதில் அவளை அடிச்சுக்க ஆளில்லை. போன மாதம் எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு போனது. முதலாளி சத்தம் போட்ட பிறகுதான் கண்ணைக் காட்ட வந்தாள். ஆபரேஷன் செய்தும் இடது கண் தேறவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே வந்த சர்க்கரை, இப்போது வலது கண்ணிலும் கை வைத்திருந்தது.

“இவங்க இவ்வளவு ஒல்லி. பள்ளிக்கூட வயசுலயே சர்க்கரை. அதான் கேட்டேன்,” என்றார் டாக்டர். “கர்ப்பத்துல தாய் அளவுக்கு மீறிச் சாப்பிட்டாலும் சரி, பட்டினி கிடந்தாலும் சரி, பின்னால பிள்ளைக்குச் சர்க்கரை வர வாய்ப்பு கூடும். அது மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது. அதுவும் ஒண்ணு. நீங்க ஒருவேளை சரியாச் சாப்பிடாம...”

பின்னால் நின்றிருந்த அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா முந்திக்கொண்டாள்.

“பட்டினியா? எங்க வீட்டுலயா? இவர் வாங்கிட்டு வந்து போட்டுக்கிட்டே இருப்பார் டாக்டர். நான்தான் அளவு தெரியாமத் தின்னேன்.”

டாக்டர் அதற்குமேல் கேட்கவில்லை. வலது கண்ணுக்கு லேசர் வைக்கத் தேதி கொடுத்தார். “பார்ப்போம். வாக்குக் கொடுக்க முடியாது,” என்றார்.

பஸ்ஸில் மகள் அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். அம்மா பக்கத்தில் வந்ததும், “நீ பின்னாடி போய் உக்காரு,” என்றாள். அம்மா போய் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மகள் வாயைத் திறந்தாள்.

“உனக்கு நாக்கு ருசி. எனக்குக் கண்ணு. நல்ல வியாபாரம்மா.”

அம்மா மருந்துப் பையை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

“வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து ஊரார் பேரையெல்லாம் கேக்குல எழுதறேன். ஒரு துண்டு முழுசாத் தின்னதில்லை. என் பங்கையும் நீயே அப்பத் தின்னுட்ட, இல்ல?”

“ஆமா பாப்பா. என் தப்புதான்.”

அந்த ஒப்புதல் மகளை இன்னும் சுட்டது. அழுதால் கண்ணுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அழுகையை விழுங்கிக்கொண்டாள்.

“இனிமே என் தட்டுல நீ சோறு போடாத. அப்பா போடட்டும்.”

அப்பாதான் போட்டார். மகள் தடவித் தடவிச் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அப்பா தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னால முடியலை,” என்றார். “நான் போய் அவகிட்ட சொல்லிடறேன்.”

அம்மா குழாயை மூடினாள்.

“என்னன்னு சொல்வீங்க?”

அவர் தட்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.

“நீ யாருக்குப் பொறந்தவளோன்னு சந்தேகப்பட்டேன், அதனால நீ பொறக்கற வரைக்கும் உங்கம்மாவுக்கு தினம் ஒரு வேளைச் சோத்துக்கு மேல தரலை, அப்படின்னா?” அம்மா குரலை உயர்த்தவில்லை. “இன்னொரு கண்ணும் போயிட்டா, அவளுக்குன்னு மிச்சம் இருக்கறது அப்பாங்கற ஒண்ணுதான். அதையும் பிடுங்கணுமா?”

அறையிலிருந்து மகளின் குரல் கேட்டது. “அப்பா...”

அவர் அசையவில்லை.

அம்மா அவர் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள்.

“போங்க. அப்பான்னு உங்களைத்தான் கூப்பிடறா.”