நான்காவது படம்

மறதி நோயைக் கண்டுபிடிக்கும் கருவியைச் சின்னம்மாவின் முன் வைத்தேன். எங்கள் மலைக்கு நான்தான் நர்ஸ். கருவியில் சிவப்பு எரிந்தால் காட்டுக்குள் போவதற்கான அனுமதி அட்டை அன்றே ரத்தாகிவிடும். சின்னம்மாவுக்குக் காட்டில் துடைப்பம் கட்டும் சீமாறுப் புல் அறுப்பதுதான் பிழைப்பு.

பூனை, கோடாலி, பலாப்பழம் என்று படம் பார்த்துச் சரியாகச் சொன்னாள். நான்காவது படத்தில் தும்பிக்கையும் தந்தமுமாக அவர் நின்றார். சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பெரியவரு,” என்றாள் மெதுவாக.

கருவி மஞ்சளானது.

“பேரச் சொல்லு சின்னம்மா. சொல்லாட்டி மறந்துட்டேன்னு எழுதிரும்.”

“உனக்குத் தெரியாதாடி? பேரச் சொன்னா வந்துருவாரு.”

தெரியும். இதைச் சொல்லும்போதும் அந்தப் பெயரை நான் சொல்லவில்லை. ஆனால் அன்று விடாமல் நச்சரித்தேன். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டாள். பச்சை எரிந்தது.

மறுநாள் அவள் அரிவாள் வாசல் சுவர் ஆணியிலேயே தொங்கியது. கதவுக்கு உள்ளே தாழ்.

“என் குரல் அவருக்குத் தெரிஞ்சுபோச்சு,” என்றாள் உள்ளேயிருந்து.

பத்து நாள் கழித்துக் கருவியில் செய்தி வந்தது: ‘அட்டை காட்டு வாசலில் பதிவாகவில்லை. வீட்டில் முடங்குவது மறதியின் அறிகுறி. மீண்டும் சோதிக்கவும்.’

இப்போது அவள் வாசலில் நிற்கிறேன். கருவியைத் திறந்தால் முதல் படமே அவர்தான்.