சும்மா நின்ற மெஷின்

“ஏம்மா வேலுத்தாயி, நேத்தும் மெயின் சுவிட்சை அணைச்சிட்டியா?”

ஜெயசுந்தர் சார் போட்ட சத்தத்தில் கம்ப்யூட்டர் லேபே நிமிர்ந்து பார்த்தது.

2007ஆம் வருஷம் அது. வெள்ளிக்கிழமை பிராக்டிகல் பரீட்சை. முதல்முறையாக லினக்ஸில் சி புரோகிராம் எழுத வேண்டும். அதற்கு வேண்டிய கம்பைலர் என்கிற மென்பொருளை நெட்டிலிருந்து இறக்கி மெஷினில் ஏற்ற வேண்டும். கல்லூரி நெட் போகிற வேகத்துக்கு விடிய விடிய ஓடினால்தான் உண்டு.

மதுரை நண்பன் எழுதிக்கொடுத்த ஒற்றை வரிக் கட்டளையை மூன்று நாளாகச் சாயந்தரம் தட்டினார் சார். திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓடும். ஆகா, நம்மளை அடிச்சிக்க ஆள் உண்டா என்று நாலரை விருதுநகர் பஸ்ஸுக்கு ஓடுவார். காலையில் வந்தால் மெஷின் செத்துக் கிடக்கும்.

“வேலை பாக்குற மெஷின்னா தொடமாட்டேன் சார். அது சும்மாதான் நின்னுச்சு” என்றாள் வேலுத்தாய். லேபைப் பெருக்கிப் பூட்டுகிறவள். எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனியில் எட்டு வருஷம் இருந்தவளுக்கு, மெயினை அணைக்காமல் கதவைப் பூட்டக் கை வராது. “கடைசியில ஒரு வரி...”

“வரியா? அதை வாசிக்கத் தெரிஞ்ச ஆளு பாத்துக்குவாரு. நீ பெருக்கு!”

பிள்ளைகள் சிரித்தார்கள். சாருக்குப் பெருமை பிடிபடவில்லை. அதே சூட்டோடு பிரின்சிபால் ஞானஜோதி மேடத்திடம் புகாரும் சொல்லிவிட்டார்.

மேடம் வேலுத்தாயைக் கூப்பிட்டார்.

“இன்னைக்கு மெயின்ல கை வைக்காத. காலையில வேலை முடிஞ்சிருந்தா, இத்தனை நாளும் கெடுத்தது நீதான். அப்புறம் நீ வேலைக்கு வர வேண்டாம்.”

அன்று சாயந்தரமும் சார் அதே கட்டளையைத் தட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார். மறுநாள் காலை கம்பைலர் ஜம்மென்று ஏறியிருந்தது!

“பாத்தீகளா மேடம்? நான் சொன்னேன்ல!”

வேலுத்தாய் மேடம் சொன்னபடி சாவியை சாரிடம் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

சார் மெஷின் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, திரையை மேலே நகர்த்திப் பார்த்தார். ‘இம்புட்டையும் இறக்கணும், தொடரவா?’ என்று மெஷின் இங்கிலீஷில் கேட்டிருந்தது. பக்கத்தில் ‘யெஸ்’ஸுக்கு ‘ஒய்’ என்று யாரோ பதில் தட்டியிருந்தார்கள்.

சார் தட்டவில்லை. அப்படி ஒரு கேள்வி உண்டு என்பதே அவருக்கு இப்போதுதான் தெரியும்.

விழுந்தடித்துக்கொண்டு கல்லூரி வாசல் கேட்டுக்கு ஓடினார்.

“வேலுத்தாயி, நேத்து நீயா தட்டுனே?”

“மூணு நாளும் கேட்டுக்கிட்டேதான் நின்னுச்சு சார். நீங்க பதில் சொல்லாமப் போயிட்டீக. நான் பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். நேத்து தட்டி விட்டேன்.”

“தட்டாம இருந்தா உன் வேலை தப்பிச்சிருக்குமே!”

“நாளைக்குப் பிள்ளைகளுக்குப் பரீட்சைல்லா சார்?”

சார் சாவியை அவள் கையில் திணித்துவிட்டு நேரே மேடத்தின் அறைக்குள் நுழைந்தார்.

“மேடம், லேப்ல வாசிக்கத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர்தான் இருக்காக. அவுகளையும் அனுப்பிட்டீங்கன்னா, நான் யாருகிட்டப் போயிக் கேப்பேன்?”