அரை அங்குலத் தகடு

மண்டாய்ப் பக்கம் கைவிடப்பட்ட கல்லுடைப்புக் குழியில் அன்று காலை இருந்தவர்கள்: துப்பாக்கியோடு கம்பெனியின் வெள்ளைக்காரத் துரை. நோட்டுப் புத்தகத்தோடு கம்பெனிக் குமாஸ்தா, கிராணி தில்லையம்பலம். லாரியைச் சுற்றி இரும்புத் தகடு அடித்த பட்டறைக்காரன் காதர் மைதீன். டிரைவர் செல்லக்கண்ணு. லாரிக்குள், டிரைவர் இருக்கையில், செல்லக்கண்ணுவின் பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு மரத்தூள் அடைத்த ஒரு சாக்கு.

தகடு குண்டைத் தாங்க வேண்டும் என்று மூன்று பேர் நினைத்தார்கள்.

தாங்கக் கூடாது என்று நினைத்தவன், அதன் பின்னால் உட்காரப்போகிறவன்.

தாங்கினால் திங்கட்கிழமை அரிசி ஏற்றிக்கொண்டு உட்லண்ட்ஸ் பாலம் தாண்டி, கோத்தா திங்கிச் சாலையில் தோட்டத்துக்குப் போக வேண்டும். போன மாதம் அந்தச் சாலையில் காட்டுக்குள்ளிருந்து கம்யூனிஸ்டுகள் இரண்டு லாரிகளைச் சுட்டிருந்தார்கள். ஓட்டமாட்டேன் என்றால் செம்பவாங்கில் கம்பெனி கொடுத்த அறையை அன்றே காலி செய்ய வேண்டும். அந்த அறையில் அவன் மனைவி கண்மணி பிள்ளை பெற்று ஒன்பது நாள்.

தகடு கிழிந்தால் லாரி போகாது. அவன் மறுத்ததாகவும் ஆகாது.

இரும்பு கிழிய வேண்டும் என்று சிராங்கூன் சாலைக் காளியம்மனை வேண்டிக்கொண்டான்.

"மாப்ளே, ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்க? இனி உனக்குச் சாவே கிடையாது லா," என்றான் காதர் மைதீன்.

துரை முப்பது கஜத்தில் மண்டியிட்டார். ஐந்து முறை சுட்டார்.

தகட்டில் ஐந்து பள்ளம். ஓட்டை ஒன்றுகூட இல்லை. காதர் மைதீன் அதை மாட்டைத் தட்டுவதுபோலத் தட்டிக் கொடுத்தான்.

உள்ளே பார்த்துச் சொல்வது டிரைவரின் வேலை. ஏறினான்.

சாக்கு சாய்ந்து கிடந்தது. சட்டையின் கழுத்துப் பட்டைக்குக் கீழே ஒரு துளை. மரத்தூள் இருக்கையில் கொட்டிக்கொண்டிருந்தது.

துளைக்குள் விரலை விட்டுத் துழாவினான். கையோடு வந்தது ரிவிட் ஆணியின் தலை. தகட்டைச் சட்டத்தோடு பிடித்திருந்த ஆணி. குண்டு வெளியே பட்ட அதிர்ச்சியில் தலை முறிந்து உள்ளே தெறித்திருக்கிறது. தகட்டில் இன்னும் நாற்பது ஆணிகள் இருந்தன.

இதைக் காட்டினால் லாரி போகாது, பிழைத்தோம் என்று நினைத்தான்.

இறங்கி, உள்ளங்கையில் வைத்து நீட்டினான். கிராணி அதைத் தொடவில்லை.

"குண்டு உள்ளுக்கு வந்ததோ? அதை மட்டும் சொல்லும்."

"குண்டு வரலைங்கய்யா. ஆனா இது நெஞ்சுல எறங்கிருச்சு. சாக்கப் பாருங்க."

"கடதாசியில குண்டைப் பற்றித்தான் கேட்டுக் கிடக்கு."

துரை தூரத்திலிருந்து ஏதோ கேட்டார். கிராணி திரும்பி, "நோ, சார்," என்றார். அந்த அளவு இங்கிலீஷ் செல்லக்கண்ணுவுக்குத் தெரியும்.

துரை சிரித்தார். துப்பாக்கியைத் துடைத்து உறையில் போட்டார். திங்கட்கிழமைவரை எதற்கு, இன்றைக்கே ஏற்றலாம் என்று அவர் சொன்னதைக் கிராணி தமிழில் சொன்னார்.

காதர் மைதீன் ஆணித் தலையை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். முகம் மாறியது. துரையைப் பார்த்தான், கிராணியைப் பார்த்தான். பிறகு அதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான்.

சாக்கை இறக்கினார்கள். செல்லக்கண்ணு இருக்கையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டு உட்கார்ந்தான். இடப்பக்கத்துக் கதவே இல்லை. தகடு முழுக்க மூடியிருந்தது. எதிரே பார்க்க நான்கு விரல் அகலத்தில் ஒரு சந்து.

வலப்பக்கத்துக் கதவைக் காதர் மைதீன் சாத்தினான். சாத்தும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கைப்பிடியைத் தேடிச் செல்லக்கண்ணுவின் கை இருட்டில் கதவைத் தடவியது. அது இருக்க வேண்டிய இடத்தை அரம் போட்டு வழவழவென்று தேய்த்திருந்தார்கள்.

"மைதீனு, கைப்பிடி எங்க?"

பதில் கிராணியிடமிருந்து, சந்து வழியாக வந்தது.

"முந்தி ஓட்டினவன் ரெண்டு தரம் லொறியை விட்டிட்டுக் குதிச்சு ஓடிட்டான். பயப்பிடாதையும். பூட்டின்ர திறப்பு துரையின்ர ஜீப்பில பின்னால வரும்."

வெளியே கொண்டியில் பூட்டு விழுந்தது. சாவி திரும்பியது.