வழுக்காத ஷூ

குமுளிச் செருப்புக் கடையில் பிலோமினா மூன்றாவது ஜோடியையும் திருப்பிக் கொடுத்தாள்.

“பாசி புடிச்ச பாறையில நின்னு தூண்டில் போடணும் தம்பி. இது வழுக்கும்.”

“அப்ப இதப் பாருங்கக்கா. அடியில ரப்பர் முள்ளு, தண்ணி வடிய ஓட்டை, காலோட இறுக்கிக் கட்ட வாரு. மழையில ஆத்துல எறங்குனாலும் பிடிமானம் விடாது.”

அவள் அடிப்பாகத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். “இதுதான். எட்டாம் நம்பர் குடுங்க.”

“அண்ணனக் கூட்டிட்டு வந்திருந்தா போட்டுப் பாத்திருக்கலாம்.”

“அவரால வர முடியாது.”

“சரி, சேரலைன்னா ஒரு வாரத்துக்குள்ள கொண்டு வாங்க, மாத்தித் தாரேன்.”

“ஒரு ஜோடி வெள்ளை சாக்ஸும் வையுங்க,” என்றாள்.

“மீன் புடிக்கப் போறதுக்கு வெள்ளை சாக்ஸா? சேறாயிருமேக்கா!”

அப்போது அவள் கொழுந்தன் ஸ்டீபன் வேகமாக உள்ளே வந்தான்.

“மதினி, ஆம்புலன்ஸ் எவ்வளவு நேரம் நிக்கும்? கோயில்ல ஃபாதர் காத்துக்கிட்டு இருக்காரு.” அவள் கையிலிருந்த ஷூவைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. “பெட்டியில வைக்கிறதுக்குக் கறுப்பு ஷூல்ல வாங்கணும்? அண்ணனுக்கு இதையா போட்டுப் பொதைக்கிறது? ஊரு சிரிக்கும்.”

கடைக்காரன் கையிலிருந்த சாக்ஸ் அப்படியே நின்றது.

“மூணு மழைக்காலமா உங்க அண்ணன் இதத்தான் கேட்டாரு,” என்றாள் பிலோமினா. “‘மீன் புடிக்க ஷூ வேற கேக்குதோ’ன்னு நீயும் நானும் சிரிச்சோம். தேஞ்ச செருப்போட போயி நேத்து வழுக்கி விழுந்தாரு. ஊரும் கொஞ்சம் சிரிச்சுக்கிடட்டும்.”