எச் போடாத மணி

பழைய கம்ப்யூட்டரின் ரேம் அட்டையைக் கழற்றி, அதன் மஞ்சள் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தாள்.

ஊதினாள். திரும்பச் சொருகினாள்.

கம்ப்யூட்டர் ஒரு முறை பீப் என்றது. உயிர் இருக்கிறது.

தேதி மட்டும் 2002, ஜனவரி 1 என்று காட்டியது. உள்ளே இருக்கும் பேட்டரி செத்து எத்தனை வருஷமோ. அதைத் திருத்த அவளுக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை மதியம். பாலிடெக்னிக்கின் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் வேறு யாரும் இல்லை. பத்தொன்பது வருஷமாக அவள் இங்கே லேப் அசிஸ்டென்ட். எதிரே சுவரிலிருந்து இறக்கிய மணிப்பெட்டி கிடந்தது. வகுப்பு மணியைத் தானாக அடிக்கும் பெட்டி. இங்கே படித்த காலத்தில் அவளும் தோழி பியூலாவும் சேர்ந்து செய்தது.

நேற்றுதான் புது பிரின்சிபால் கூப்பிட்டிருந்தார்.

"கடைசி மணி ஆறு நிமிஷம் முன்னாலயே அடிக்குதே மேடம். நீங்க செஞ்சதாமே? திங்கக்கிழமை இன்ஸ்பெக்ஷன். நீங்களே சரி பண்ணிருங்க."

நீங்க செஞ்சதாமே.

சிப்பில் புரோகிராமை எழுதுகிற பச்சை சர்க்யூட் பலகை பீரோவின் அடித்தட்டில் கிடைத்தது. அதன் கனத்த வாலைச் சொருக இந்தக் காலத்து லேப்டாப்பில் துளை இல்லை. அதற்காகத்தான் இந்தக் கிழட்டு மெஷினைத் தட்டி எழுப்பியது. டிரைவர் இரண்டு முறை முரண்டு பிடித்தது. மூன்றாவது முறை பச்சை விளக்கு எரிந்தது.

கை தன்னால் எல்லாம் செய்தது. இருபது வருஷத்தில் அது ஒன்றையும் மறக்கவில்லை.

மணிப்பெட்டியிலிருந்து நாற்பது கால் சிப்பை நெம்பி எடுத்தாள். ஒரு கால்கூட வளையவில்லை.

புரோகிராமில் நேரத்தை எழுதும்போது, இருபது என்று போட்டுப் பக்கத்திலேயே ஆங்கில எச் போட வேண்டும். போட்டால் இருபது. மறந்தால் கடிகாரம் அதைப் பதினாலு என்று படித்துவிடும். ஏன் என்று கேட்டால் ஒரு மணி நேர வகுப்பு எடுக்க வேண்டும். கணக்கு இவ்வளவுதான்: நாலு இருபதுக்கு அடிக்க வேண்டிய மணி நாலு பதினாலுக்கு அடிக்கும்.

அடித்தது.

படிக்கும்போது நடந்த பிராஜெக்ட் வைவாவில், கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் வெளியூர் எக்ஸாமினர் கேட்டார். "ஒரு எச் போடத் தெரியாத ஆளா புரோகிராம் எழுதினது?"

"நாந்தான் சார்," என்றாள். நேரப் பட்டியல் அவள் தட்டியது. பக்கத்தில் பியூலா வாயைத் திறந்தாள். தப்பில் பங்கு கேட்க வருகிறாள் என்று நினைத்து, அவள் காலை இவள் மிதித்தாள். அப்புறமும் பியூலா இரண்டு மூன்று முறை அந்தப் பேச்சை எடுத்தாள். எடுத்த எடுப்பிலேயே இவள் எழுந்து போய்விட்டாள்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று மற்றவர்கள் தேற்றினார்கள். அவள் என்ன ஆனையா?

அதன் பிறகு அவள் ஒரு வரி புரோகிராம் எழுதவில்லை. சென்னையிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டபோதும் எழுதத் தெரியாது என்று சொல்லிவிட்டாள். மல்டிமீட்டர்களை எண்ணி வைக்கிற வேலை போதும் என்று இருந்துவிட்டாள்.

மணியை யாரும் திருத்தச் சொல்லவில்லை. ஆறு நிமிஷம் முன்னால் விடுகிற மணியை எந்தப் பிள்ளைகள் குறை சொல்வார்கள்? வாத்தியார்களுக்கும் வீடு இருக்கிறதே.

பிராஜெக்ட் ரெக்கார்டின் பின்னட்டை உறையில் சிடி இருந்தது. முடித்த புரோகிராமை பியூலா எழுதிக் கொடுத்த சிடி. வெட்கத்தில் அவள் இதுநாள்வரை திறந்து பார்க்காதது.

ஃபைலைத் திறந்தாள். பட்டியலின் கடைசி வரிக்கு வந்தாள். எச் இல்லாத இருபதைத் தேடினாள்.

இருபதே இல்லை.

பதினாலு இருந்தது. பக்கத்தில் எச் இருந்தது.

மறந்துபோய் விட்டதல்ல. யோசித்து, பதினாலு என்றே தட்டி, எச்சும் போட்டிருக்கிறது.

அதற்குப் பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி. அரைப்புள்ளிக்குப் பின்னால் என்ன எழுதினாலும் மெஷின் படிக்காது. சிப்புக்குள்ளும் போகாது. அது மனிதர்கள் படிப்பதற்கு. ஆங்கில எழுத்தில் பியூலா தட்டியிருந்தாள்:

வடிவு பஸ்.

அவள் பெயர் வடிவு.

அவள் ஊருக்குப் போகும் அருமநல்லூர் பஸ் கல்லூரி வாசலுக்கு நாலு இருபதுக்கு வரும். கடைசி மணியும் அப்போது நாலு இருபதுதான். பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறு மணிக்கு. இன்னும் ஒரு நாள் இருட்டிய பிறகு வந்தால் படிப்பு நின்றது என்று அப்பா சொல்லியிருந்தார். அதைச் சொல்லி, இதே மேஜையில் தலை கவிழ்ந்து அவள் அழுதிருக்கிறாள். இந்த மணி மாட்டிய பிறகு ஒரு நாளும் பஸ்ஸை விட்டதில்லை. செய்த தப்பிலும் ஒரு நல்லது என்று நினைத்துக்கொண்டே ஓடினாள்.

சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. இரண்டையும் துப்பட்டாவில் துடைத்தாள்.

பதினாலை அழித்தாள். இருபது என்று தட்டினாள். எச் போட்டாள்.

அரைப்புள்ளிக்குப் பின்னால் இருந்ததைத் தொடவில்லை.

சிப்பில் எழுதி முடித்ததும் பச்சை விளக்கு அணைந்தது. போனை எடுத்தாள். பியூலா மஸ்கட்டில் இருக்கிறாள். தீபாவளிக்கு ஒரு விளக்குப் படம் வரும். கிறிஸ்துமஸுக்கு இவள் ஒரு நட்சத்திரம் அனுப்புவாள். பேசிப் பல வருஷம்.

மூன்றாவது மணியில் பியூலா எடுத்தாள்.

"ஏட்டி, நம்ம மணியத் திருத்திட்டேன். இனி நாலு இருவதுக்குத்தான் அடிக்கும்."

  

"அய்யோ," என்றாள் பியூலா. "அப்ப ஒனக்க பஸ்ஸு?"